உயிர்த்த ஞாயிற்றுக்கு நூற்றைம்பது கோழிகள்

பங்குனி 18, செவ்வாய்

குஞ்சுகள் வந்து இன்று எட்டாம் நாள். நூற்றைம்பதும் உயிரோடு இருக்கின்றன. கொட்டிலுக்குள் போகுமுன் செருப்பை மாற்றி, சுண்ணாம்புத் தூளில் காலை வைத்து, கையைக் கழுவி — பூசையில் நன்மை எடுக்கப் பீடத்துக்குப் போகிறவளைப் போல் போகிறேன். மறந்தால் என் மனிசன் ஜெறோம் வாசலிலேயே மறித்துவிடுவார். "லவீனா, காலைப் பார்." தன் காலைப் பற்றி ஒருநாளும் கதைக்காத மனிசன் என் காலைப் பற்றி ஓயாமல் கதைக்கிறார்.

போன ஆனியில் கடலுக்கு மீன்பிடிக்கப் போனவருக்குக் காலில் கெளிற்று மீனின் முள் குத்தியது. அவ்வளவுதான், ஒரு முள். ஆஸ்பத்திரியில் மருந்தை மாற்றி மாற்றி ஏற்றினார்கள். ஒன்றுக்கும் கேட்கவில்லை. கிருமி இந்த மருந்துகளுக்கெல்லாம் பழகிவிட்டது என்றார்கள். கடைசியில் பாதி பாதத்தை எடுத்தார்கள். கடற்கரையில் இருக்கும் எங்கள் குருநகர் வீட்டில் ஆறு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தாயோடும் கதை இல்லை, என்னோடும் கதை இல்லை. கடல் கண்ணில் படாத இடமாக இருக்கட்டும் என்றுதான் அச்சுவேலியில், கனடாவிலிருக்கும் அக்காவின் வீட்டு வளவுக்குக் கூட்டிவந்தேன்.

கோழி வளர்ப்போம் என்றது அவர்தான். "ஆனா என்ரை கையால ஒரு கோழிக்கும் அன்ரிபயோட்டிக் போகாது. கண்டபடி குடுத்துத்தான் கிருமி பழகினது." போன மாதம் பொல்லை ஊன்றிக்கொண்டு குருநகர்க் கோயிலுக்குப் போய், பூசை முடிய நின்று, அறுபது வீட்டுக்குச் சொல் கொடுத்துவிட்டு வந்தார். தவக்காலம் முடிந்து உயிர்த்த ஞாயிற்றுக்குச் சமைக்க, மருந்தே படாத கோழி.

இந்தக் கோழிகள் பிழைத்தால் இவர் பிழைப்பார். இதை ஒருவரிடமும் சொல்லமாட்டேன். இங்கே எழுதிவைக்கிறேன்.

பங்குனி 21, வெள்ளி

மாமி, ஜெறோமின் தாய், குருநகரிலிருந்து பஸ்ஸில் ஒரு உரப்பை நிறையக் கருவாட்டுத் தலையும் உடைசலும் அனுப்பியிருக்கிறா. ஜெறோம் வெயிலில் குந்தியிருந்து உரலில் இடிக்கிறார். மீன்தூள் போட்டால் கோழிக்குச் சத்து, சத்திருந்தால் நோய் அண்டாது, நோய் அண்டாவிட்டால் மருந்து ஏன்? எல்லாம் கணக்காகத்தான் இருக்கிறது. "மீன் திண்டு வளந்த பிள்ளையளைப் பார், குருநகரில எவனுக்கு வருத்தம் வந்தது?" என்றார். எத்தனையோ பேருக்கு வந்தது. இடிக்கும்போது பாட்டு வேறு முணுமுணுக்கிறார். கடையில் வாங்கும் தீனோடு தன் கையாலேயே கலந்து போட்டார். குஞ்சுகள் ஒன்றோடொன்று அடிபட்டுத் தின்றன.

வளவெல்லாம் குருநகர் மணம். பக்கத்து வளவு அருளம்பலம் அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்தினார்.

பங்குனி 27, வியாழன்

கொட்டிலில் பரப்பிய உமி நனைந்துபோய்க் கிடக்கிறது. நேற்றுத்தான் மாற்றினேன். தண்ணீர்ப் பாத்திரங்களை நிரப்பி நிரப்பி இடுப்பு முறிகிறது. இந்த வெயிலுக்கு மனிதரே வாளி வாளியாகக் குடிக்கிறோம், கோழி குடிக்காதா?

பங்குனி 29, சனி

நான்கு. நான்கும் மல்லாக்கக் கிடந்தன. வயிறு ஊதி, கையில் தூக்கினால் தண்ணீர்ப் பை போல் குலுங்குகிறது.

ஜெறோம் மஞ்சளும் உள்ளிப்பூண்டும் அரைத்துத் தண்ணீரில் கலந்தார். கொட்டிலின் மறைப்பை உயர்த்திக் காற்று வரச் செய்தார். உமி முழுவதையும் அள்ளிப் புது உமி போட்டோம். அந்தக் காலோடு எழுபது தடவையாவது நடந்திருப்பார்.

பங்குனி 30, ஞாயிறு

பதினொன்று. பூசைக்குப் போகவில்லை.

பங்குனி 31, திங்கள்

ஒன்பது. இன்னும் சில மேல்மூச்சுக் கீழ்மூச்சு வாங்குகின்றன. மற்றவை தண்ணீர்ப் பாத்திரத்தை விட்டு விலகாமல் நிற்கின்றன, ஒன்றின் மேல் ஒன்று ஏறி.

அருளம்பலம் அண்ணை பக்கத்து வளவில் ஆயிரம் கோழி வளர்க்கிறவர். நல்ல மனிசன். கேட்காமலே ஒரு மருந்துத் தூள் பக்கற் கொண்டுவந்து தந்தார். "பிள்ளை, உதென்ன விசர் வேலை பாக்கிறியள்? நான் குஞ்சு வந்த அண்டே கலந்து விட்டிடுவன். இதைத் தண்ணியில போடு, நாளைக்கு எழும்பி ஓடும்."

ஜெறோம், அண்ணையின் முகத்தைப் பார்க்காமல், "வேண்டாம் அண்ணை, கொண்டு போங்கோ" என்றார்.

மிருக வைத்தியரிடம் காட்டுவோம் என்றேன். அதற்கும் மாட்டாராம். "அவையும் உந்த மருந்தைத்தான் எழுதித் தருவினம்." பிறகு போய் உரலின் முன் குந்தினார். சத்துப் போதவில்லையாம், இனி மீன்தூள் இரண்டு மடங்காம்.

அண்ணை பக்கற்றைக் கொண்டு போகவில்லை. வேலிக் கதியால் தடியில் செருகிவிட்டுப் போயிருக்கிறார். நான் பார்த்தேன். எடுக்கவில்லை.

சித்திரை 1, செவ்வாய்

எடுத்தேன்.

அவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது எல்லாப் பாத்திரத்திலும் கலந்தேன். அவசரத்தில் பாதித் தூள் நிலத்தில் கொட்டிவிட்டது. மஞ்சள் தண்ணீரில் நிறம் தெரியவில்லை. கோழிகள் என்ன தாகத்தில் குடித்தன! ஆண்டவரே, இது களவா? பொய்யா? பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் இதற்கு என்ன பெயர் சொல்வேன்? அவருடைய சொல்லை நான் உடைத்துவிட்டேன். அந்தச் சொல் ஒன்றுதானே அவரை எழுப்பி நடக்கவிட்டது.

பரவாயில்லை. கோழி பிழைக்கட்டும். பிறகு எந்த நரகத்துக்கும் போகிறேன்.

சித்திரை 3, வியாழன்

மூன்று நாளாகக் கலக்குகிறேன். இன்றைக்கும் பதினான்கு. என்ன மருந்து இது? எல்லாத்தையும் விட்டிட்டு எங்கையாவது ஓடிப் போகலாம் போல கிடக்கு. இனி நான் என்ன செய்ய, ஆரைக் கேக்க?

ஜெறோம் மத்தியானம் சாப்பிடவில்லை. செத்தவற்றைக் குழியில் தாட்டுவிட்டு வந்து அறையில் படுத்தார். சுவர்ப் பக்கம் திரும்பி.

சித்திரை 4, வெள்ளி

கொழுக்கட்டை மாவு அரைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, செத்த கோழியொன்றைப் பையில் சுற்றி மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோனேன். டொக்டர் தக்சாயினி, வயது குறைந்த சின்னப் பெட்டை. வயிற்றை வெட்டியதும் தண்ணீர் மேசை வழியே ஓடியது.

"தீனோட வேற என்ன குடுக்கிறியள் அம்மா?"

"கருவாட்டுத்தூள். அவர் இடிச்சுப் போடுறவர்."

"உப்புப் போட்ட கருவாடோ?"

"கருவாடெண்டா உப்புத்தானே டொக்டர்?"

அவ கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. கடைத் தீனில் உப்பு அளவாகச் சேர்த்துத்தான் வருகிறதாம். அதற்கு மேல் நாங்கள் போட்டது நஞ்சு. அதுதான் அந்தத் தாகம், அந்த நனைந்த உமி, வயிற்றில் நீர். நோயே இல்லையாம். கிருமியே இல்லையாம்!

"மருந்து ஏதும் கலந்தனீங்களோ?"

"ஓம்."

"உப்புக்கு எந்த அன்ரிபயோட்டிக் கேக்கும் அம்மா?" என்றா. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவ மெதுவாகக் கேட்டா. மருந்தை இன்றோடு நிறுத்தச் சொன்னா. இரண்டு கிழமை, பதினான்கு நாள், கழிய அந்த இறைச்சியைச் சாப்பிடலாமாம். கருவாட்டை உடனே நிறுத்தி, வெறும் தண்ணீரும் கடைத் தீனும் கொடுத்தால் மிச்சம் தப்புமாம்.

பஸ்ஸில் வரும்போது யோசித்ததெல்லாம் ஒன்றுதான். இதை அவருக்கு எப்படிச் சொல்வது? கோழிக்கு நோய் வந்தது என்றால் ஆண்டவர் மேல் பழியைப் போடலாம். நீங்கள் பாட்டுப் பாடி இடித்த தூள்தான் கொன்றது என்று எப்படிச் சொல்வேன்?

சொல்லவில்லை. மிச்சக் கருவாட்டு உரப்பையைத் தூக்கி விறகுக்குப் பின்னால் ஒளித்தேன். கருவாடு முடிந்துவிட்டது என்றேன்.

சித்திரை 6, ஞாயிறு

நேற்று மூன்றுதான் செத்தது. இன்று ஒன்று. சந்தோசப்படக்கூடப் பயமாக இருந்தது.

மாமிக்குப் போன் எடுத்து இன்னொரு பை கேட்டிருக்கிறார் மனிசன்! காலையில் பஸ்காரப் பொடியன் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போக, இடித்து, சட்டியோடு கொட்டிலுக்கு நடக்கிறார். நான் ஓடிப்போய்ப் பறித்தேன். அவர் விடவில்லை. "உங்கடை உப்புத்தான் கொல்லுது! நீங்கள்தான் கொல்லுறியள்!" என்று கத்தினேன். ஊருக்கே கேட்டிருக்கும். பிறகு டொக்டர் சொன்னதெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன்.

சட்டியிலிருந்து ஒரு சிட்டிகைத் தூளை எடுத்து நாக்கில் வைத்தார்.

"எனக்கு உப்பே தெரியேல்லையே லவீனா" என்றார். "எங்கடை நாக்குக்கு இது உப்பே இல்லை."

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மருந்து கலந்ததையும் சொன்னேன். அவரை மட்டும் குற்றவாளியாக நிற்கவைக்க என்னால் முடியவில்லை. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சட்டியை என் கையில் தந்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தார்.

சித்திரை 9, புதன்

கோழி சாகவில்லை. அவரும் கதைக்கவில்லை.

சித்திரை 13, குருத்து ஞாயிறு

எண்பத்து நான்கு மிஞ்சியிருக்கின்றன. உமி காய்ந்து கிடக்கிறது. கோழிகள் நன்றாக நிறை வைக்கின்றன. நான் தனியாகத்தான் பார்க்கிறேன். செருப்பு மாற்றச் சொல்ல ஆளில்லை. இருந்தும் மாற்றுகிறேன்.

மருதனார்மடச் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கிவந்து அவருக்குப் பிடித்த பால்கறி வைத்தேன். பக்கத்தில் இருந்து சொன்னேன்: "பத்தொன்பதாம் திகதிக்கு இரண்டு கிழமை கழிஞ்சிடும். இறைச்சியில ஒண்டும் இராதாம். டொக்டரே சொன்னவ. அறுபது வீட்டுக்கும் குடுக்கலாம். ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லை."

ஏழு நாளில் முதல் சொல். சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "சொல்லவேணும்."

"சொன்னா ஒருத்தரும் வாங்காயினம்!"

எனக்கு ஆத்திரம் வந்தது. செத்தவன் கையில் வெத்திலை கொடுத்த மாதிரிக் கிடக்கிற இவரோடு எத்தனை நாள்தான் மல்லுக்கட்டுவது?

சித்திரை 17, பெரிய வியாழன்

காலையில் எழும்பிப் பார்த்தால் அவர் கட்டிலில் இல்லை. கிணற்றடிக்கு ஓடினேன், ஏன் ஓடினேன் என்று எழுதமாட்டேன். கொட்டிலுக்குள் இருந்தார். ஒவ்வொன்றாகத் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்திரை 19, பெரிய சனி

அருளம்பலம் அண்ணையின் சின்ன லொறியில் வீட்டுக்கொன்றாக அறுபது கோழியைக் குருநகருக்குக் கொண்டுபோனோம். கோயில் முற்றத்தில் சனம் காத்து நின்றது. ஜெறோம் பொல்லை ஊன்றி நடுவில் போய் நின்றார். இவள்தான் கலந்தாள் என்று சொல்லப்போகிறார், சொல்லட்டும் என்று தலையைக் குனிந்தேன்.

"கருவாட்டு உப்பைக் குடுத்துப் பாதிக் கோழியைச் சாகடிச்சுப்போட்டம்" என்றார். "பிறகு பயத்தில மருந்தும் குடுத்தம். நிப்பாட்டிப் பதினைஞ்சு நாள். சாப்பிடலாமெண்டு டொக்டர் சொல்லுறா. ஆனா நான் உங்களுக்குச் சொன்ன கோழி இது இல்லை. விருப்பமெண்டா எடுங்கோ, இல்லாட்டி விடுங்கோ."

குடுத்தம். அவள் குடுத்தாள் என்றும் சொல்லவில்லை, நான் குடுத்தன் என்றும் சொல்லவில்லை.

சிலர் முகத்தைச் சுழித்துக்கொண்டு போனார்கள். அவரோடு ஒரே தோணியில் போன கனிசியஸ் வந்து, "கருவாட்டைக் கோழிக்குப் போட்டனியோ? விசரா!" என்று சிரித்து, இரண்டைத் தூக்கினான். இருபத்தாறு போனது. முப்பத்து நான்கு மிஞ்சியது.

மிஞ்சியதை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். நல்லூர் தாண்டுமுன் கதைக்கத் தொடங்கிவிட்டார். அடுத்த முறை நூறுதானாம். டொக்டரை முதல் நாளே கூப்பிட வேணுமாம். தீன் வாங்கும்போது உப்பு எவ்வளவு என்று கேட்க வேணுமாம். வீடு வரைக்கும் வாய் ஓயவில்லை. நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அழுவது தெரிந்தால் கதைப்பதை நிறுத்திவிடுவார் என்று பயம்.