நமக்கு ஒன்றும் ஆகாத ஒருவர்

அன்பு மகள் ரோசெலுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் வழக்கம்போல. நீயும் மாப்பிள்ளை சிந்த்ரேயும் நலமாயிருக்க வேண்டுமென்று தினமும் மாதாவிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், இருந்தாலும் காதை மூடாமல் அந்தப் பனியில் வெளியே போகாதே, எல்லாவற்றையும் மாதாவே பார்த்துக்கொள்ள முடியாது. நீ கேட்ட இரண்டு வாக்குமூலங்களும் இந்தப் பொட்டலத்தில் இருக்கின்றன, கூடவே வாழைப்பழ மிட்டாய் நான்கு பொட்டலம், அதில் ஒன்று சிந்த்ரேயின் அம்மாவுக்கு. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் இதைப் பேசக்கூடாது என்று எனக்கு உத்தரவு. யார் போட்ட உத்தரவு என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

உனக்கு இதுவரை கல்யாணம் ஆகவில்லை என்று நம் அரசாங்கம் கொடுத்த தாள் உங்கள் நார்வேக்காரர்களுக்குப் போதவில்லை, உன்னைப் பிறந்ததிலிருந்து தெரிந்த, ஆனால் உனக்கு உறவோ வேண்டியவரோ அல்லாத இரண்டு பேர் சத்தியம் செய்ய வேண்டும், இருபதாம் தேதிக்குள் வராவிட்டால் கல்யாணத் தேதி போய்விடும், அதற்குள் விசா முடிந்து நீ மூட்டை கட்ட வேண்டியிருக்கும் என்று அழுதாயே, அன்று போனை வைத்துவிட்டு நானும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உன்னைத் தெரியாதவர் இந்த ஊரில் யாருமில்லை. நமக்கு ஒன்றும் ஆகாதவரும் யாருமில்லை. உன் ஞானஸ்நானத்துக்கு மட்டும் பதினெட்டு ஞானப்பெற்றோர், உன் தம்பிகளுக்குப் பன்னிரண்டும் பதினான்கும். நான் தெருவில் நின்று பிள்ளையின் ஞானத்தகப்பனைக் கூப்பிடுகிற முறையில் கும்பாரே என்று ஒரு குரல் கொடுத்தால் மீன்காரரிலிருந்து நகரசபை எழுத்தர் வரைக்கும் திரும்பிப் பார்க்கிறார்கள், எல்லாரும் யாரோ ஒரு பிள்ளை வழியாக நமக்குச் சம்பந்தப்பட்டவர்கள். நொயேமி டீச்சர் பாப்டிஸ்ட், அவர்கள் சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானமே கிடையாது என்பதால் அவர் யாருக்கும் ஞானத்தாய் ஆகாமல் தப்பித்திருந்தார், அதனால் ஒருவர் கிடைத்தார். இரண்டாவது ஆளுக்கு மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். நாலாம் நாள் அப்பா, சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "பக்கத்து வீட்டுல ஒருத்தர் இருக்காருல்ல" என்றார்.

கிரிசான்டோவைத்தான் சொன்னார். நீ பிறந்த வருஷத்திலிருந்து நம்மிடம் முகம் கொடுத்துப் பேசாதவர். ஊரே என்னைப் பெண்ணுக்கான முறையில் கும்மாரே என்று கூப்பிட, அவர் ஒருவர்தான் மிஸஸ் என்பார், அதுவும் நம் மாங்கிளை அவர் கூரையில் உரசினால்தான். அவருடைய சுபாவமே அப்படி என்று இருபத்தேழு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே நின்று, எப்படிக் கேட்பது என்று தெரியாமல், உங்களுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சத்தியம் செய்து தர வேண்டும் என்று கேட்டேன். "அது உண்மைதானே மிஸஸ். எத்தனை மணிக்கு வரணும்?" என்றார், அவ்வளவுதான்.

இப்போது நோட்டரி வேலை கம்ப்யூட்டரிலேயே நடக்கிறது, வக்கீல் இலோய்லோ நகரத்தில் இருந்தபடியே நம்மைத் திரையில் பார்த்துக் கேள்வி கேட்டு முத்திரை போடுகிறார். கிரிசான்டோ வீட்டில் இன்டர்நெட் இல்லாததால் நம் வீட்டுக்கு வந்தார். பத்து மணி என்றதற்கு ஒன்பதே முக்காலுக்கு, தலையைப் படிய வாரி, செருப்பை வாசலில் ஜோடியாக விட்டுவிட்டு. அந்த வக்கீல், அட்டர்னி பாலோமா, சின்னப் பெண், கண்டிப்பானவள். அடையாள அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னாள், யாரும் மிரட்டவில்லையா என்று பார்க்க அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னாள். நாங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றோம். முதல் கேள்வியே, உங்கள் குடும்பப் பெயர் துமாலாய், பெண்ணுடையது தராதோ, இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் ஆரம்பிக்கிறதே, சொந்தமா என்று. "இந்த ஊர்ல எல்லாப் பேரும் இந்த எழுத்துலதாம்மா. ஸ்பெயின்காரன் ஊருக்கு ஒரு எழுத்துன்னு கொடுத்துட்டுப் போனது" என்றார். பிறந்ததிலிருந்து தெரியும் என்பதற்கு என்ன ஆதாரம் என்றாள். "அன்னைக்கு நல்ல மழை. சவாரி ஏத்துற என் ட்ரைசிகிள்லதான் அந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். பாலத்துல வண்டி நின்னுபோச்சு. புள்ளை என் வண்டியிலயே பொறந்துடும்னு பார்த்தேன்." ரோசெல், இது எனக்கு மறந்தே போயிருந்தது. கல்யாணம் ஆகவில்லை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள் என்றாள். "ஆகியிருந்தா பந்தல் போட்டிருப்பாங்க. பந்தல் போட்டா என் சுவத்துலதான் ஆணி அடிக்கணும்."

அப்புறம் அவள் கேட்டாள், அப்படியானால் நீங்கள் இந்தக் குடும்பத்துக்கு வேண்டியவர்தானே, ஞானத்தகப்பனா என்று. "இல்லை. கூப்பிடலை" என்றார். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "பதினெட்டுப் பேரைக் கூப்பிட்டாங்க. என் ஜன்னல்லேருந்து நல்லாத் தெரியும், எண்ணினேன். நான் சட்டைகூட வாங்கி வெச்சிருந்தேன்." எந்தக் குரலில் பந்தலைப் பற்றிச் சொன்னாரோ அதே குரலில்தான் இதையும் சொன்னார். நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா என்னைப் பார்த்தார். நான் கூப்பிட்டிருப்பேன் என்று அவரும், அவர் கூப்பிட்டிருப்பார் என்று நானும் இருந்திருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது, இன்னும் இருக்கிறது.

அவர் விரலால் திரையில் கையெழுத்துப் போட்டார். முத்திரை விழ இன்னும் ஒரு நிமிஷம். அதற்குள் உன் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு போய், நார்வேயில் பதிவுக் கல்யாணம் முடிந்து ஏப்ரலில் இங்கே கோயிலில் நடக்கும் கல்யாணத்துக்கும் ஞானத்தகப்பன் வேண்டும், அது நீங்கள்தான், முதல் வரிசையில் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். நம் ஊரில் நன்றியை வேறு எப்படிச் சொல்வார்கள்? அட்டர்னி பாலோமா முத்திரை போடப்போன கையை எடுத்துவிட்டாள். "மேடம், இப்ப அவர் சம்பந்தப்பட்டவர் ஆயிட்டாரே. அவர் ஒத்துக்கிட்டா நான் இதுல முத்திரை போட முடியாது" என்றாள். இருபதாம் தேதிக்கு ஒன்பது நாள், ஊரில் வேறு ஆளும் இல்லை. அப்பா பின்னால் நின்று என் பெயரை மட்டும் ஒருமுறை சொன்னார், முழுப் பெயராக. கிரிசான்டோ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்து, "எனக்கு வேண்டாம். கேட்டாங்க, நான் மாட்டேன்னுட்டேன். எழுதிக்கங்க" என்றார். அவள் எழுதிக்கொண்டாள். முத்திரை விழுந்தது. அவர் எழுந்து, நாற்காலியை மேஜைக்குள் தள்ளிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

பிறகு நடந்தது அலைச்சல்தான். அட்டர்னி அட்டர்னிதான் என்று நீதிமன்றம் ஒரு தாள் கொடுத்தது, நீதிமன்றம் நீதிமன்றம்தான் என்று வெளியுறவு அலுவலகம் இன்னொரு தாள் கொடுத்தது, அந்தக் கடைசித் தாளுக்குத்தான் அபோஸ்டில் என்று பெயராம், அது இருந்தால்தான் உங்கள் ஊரில் செல்லும். முன்பெல்லாம் சிவப்பு ரிப்பன் கட்டிக் கொடுப்பார்கள், பார்க்கவே நம்பிக்கையாக இருக்கும். இப்போது ரிப்பன் இல்லை. பரவாயில்லையா என்று அங்கே கேட்டுக்கொள். வரிசையில் அப்பா முழங்காலோடு நான்கு மணி நேரம் நின்றார். உன் ஞானஸ்நானத்துக்குக் கிரிசான்டோவைக் கூப்பிட்டிருக்க வேண்டியது யார் என்ற சண்டையை அங்கேயும் தொடர்ந்தோம், முடிவு தெரியவில்லை.

முத்திரை விழுந்த அன்றே சாயங்காலம் கிரிசான்டோவுக்கு, விருந்துக்குச் செய்கிற வலென்சியானா சோறு கொண்டுபோனேன். கேட்டைத் திறக்கவே இல்லை. "தாள் அங்க போய்ச் சேர்ந்து அவங்க சரின்னு சொல்ற வரைக்கும் நான் உங்களுக்கு ஒன்னும் ஆகமாட்டேன் மிஸஸ். சோறெல்லாம் வேண்டாம். போன்லயும் என் பேரைச் சொல்லாதீங்க, யார் ஒட்டுக் கேக்கறாங்களோ" என்றார். அதுதான் அந்த உத்தரவு. இப்போது வழியில் பார்த்தால் முன்னைவிட விறைப்பாக முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நானும் திருப்பிக்கொள்கிறேன், உனக்காக. ஆனால் நேற்று அவர் கொடியில் விசேஷத்துக்குப் போடுகிற ஒரு அன்னாசி நார்ச் சட்டை துவைத்துக் காய்ந்தது, பழுத்து மஞ்சளாகிவிட்ட சட்டை, மடிப்பு விழுந்த இடமெல்லாம் கோடாகத் தெரிந்தது, ஒரு நாளும் போட்ட சட்டை இல்லை. நான் பார்க்காத மாதிரி உள்ளே வந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும், கல்யாணம் நல்லபடி நடக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. இந்தக் கடிதத்தைத் தெரியாமல் அந்தத் தாள்களோடு சேர்த்து அலுவலகத்தில் கொடுத்துவிடாதே. அவர்கள் சரி என்று சொன்ன அன்றைக்கு எங்களிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம், முதலில் கிரிசான்டோவுக்குப் போன் செய். நம்பர் மிட்டாய்ப் பொட்டலத்தின் பின்னால் இருக்கிறது. நான் கேட்டதற்கு அவர் மாட்டேன் என்று எழுத்தில் கொடுத்தாகிவிட்டது, அதனால் ஞானத்தகப்பனாக நிற்கச் சொல்லி இந்தத் தடவை நீயே கேள். அவர் சரி என்றதும் வேலிப்பக்கம் போய் அவரைக் கும்பாரே என்று கூப்பிட வேண்டும், நான் வாசலிலேயே காத்திருப்பேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
பெர்லா தராதோ