சித்தப்பா ஏறி வராத கிணறு

நெய்வேலி,
நவம்பர் 1978

அன்புள்ள இசக்கியம்மாளுக்கு,

நான் சுகம். நீயும் கமலாவும் சுகந்தானே?

நேற்று மழையில் சுரங்கக் கரை கொஞ்சம் சரிந்தது. எனக்குக் காலில் சிராய்ப்புதான். கூட வேலை பார்த்த இன்னாசிமுத்துவை இன்னும் தேடுகிறார்கள். அவர் வீட்டுக்குப் போனேன். மகள் அழாமல் தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க தாத்தாவ கடல் அடிச்சிகினு போனப்ப, அப்பாதான் தம்பிங்களுக்கு ஊட்டுனாராம் மாமா. அவரே சொல்லியிருக்காரு" என்றாள்.

கிணறு இடிந்தபோது என் அப்பா தப்பி ஏறிய கதையை மட்டுமே நம் கமலாவுக்குச் சொல்லியிருக்கிறோம். கூட இறங்கிய சித்தப்பா ஏறி வராததையும், சித்தி பருத்தி எடுத்துப் பிள்ளைகளை வளர்த்ததையும் இப்போதே சொல்லிவிடு.

வேப்பெண்ணெயோடு கமலா கையால் நாலு வரியும் அனுப்பு.

சங்கு ஊதிவிட்டது. மழை விடவில்லை. இன்னாசிமுத்துவைத் தேட அதே கரைக்கடியில்தான் இறங்குகிறோம்.

மாடசாமி