சாலை எங்கள் தெருவுக்குத் திரும்பியது

7 மார்ச் 1966
லூஷியஸ் பெட்வே வந்தான். மாணவனாக இருந்தபோது எங்கள் மாடியில் தங்கியவன், இப்போது தெருவுக்கு எதிரே உள்ள கறுப்பர் கல்லூரியில் துணை முதல்வர். காபியைக் கையிலேயே வைத்திருந்தான், குடிக்கவில்லை.

"அரசாங்கம் போடற புது நெடுஞ்சாலை காலேஜுக்குள்ள வராதுக்கா. போராடித் திருப்பிட்டோம்."

"எந்தப் பக்கம்?"

ஜன்னல் வழியே எங்கள் தெரு வீடுகளைப் பார்த்தான். எங்கள் பக்கம்.

சரி என்றேன். என் வீட்டுக்காரர் ஏமஸ் செத்த ஜனவரியிலிருந்து எல்லாவற்றுக்கும் சரிதான்.

8 மார்ச்
பக்கத்து வீட்டு ஜெனோபியாவிடம் சொன்னேன். முன்னறையில் பெண்களுக்கு முடி அலங்காரம் செய்கிறவள். வேலையை அப்படியே நிறுத்திவிட்டாள்.

"காலேஜ் தீப்பிடிச்சப்ப வெள்ளக்காரங்க தீயணைப்பு வண்டி எட்டிப் பாத்துச்சா? நம்ம தெருதான் வாளி தூக்குச்சு. திருப்பிக் கட்ட எங்கப்பா செங்கல் சுமந்தாரு. இப்ப நம்ம வீட்டையே இடிப்பாங்களா? ஏண்டி வெர்டெல், உனக்குக் கோவமே வரலியா?"

தேடிப் பார்த்தேன். இல்லை.

20 மார்ச்
தேவாலயத்தில் கூட்டம். லூஷியஸுக்கு வியர்த்துக் கொட்டியது. "இந்த அலபாமாவுல நம்ம கறுப்புப் பசங்கள எந்த வெள்ளக்காரன் காலேஜ் வா வான்னு கூப்பிடுது? இதுவும் போயிட்டா எங்க படிப்பாங்க?"

"படிச்சுட்டு எங்க தூங்குவாங்க? விடுதியில இடம் இல்லாம பாதிப் பேரு எங்க வீடுகள்லதானே இருக்காங்க?"

கேட்டது நான்தான். யாரோ பேசுவது போலிருந்தது.

"தெரியும்க்கா" என்றான்.

தெரிந்துதான் செய்திருக்கிறார்கள்.

2 மே
மழை. எழுத ஒன்றுமில்லை.

11 ஜூன்
இடித்துவிட்டார்கள். ஏமஸ் படுத்திருந்த அறையின் நீலச் சுவர் கொஞ்ச நேரம் வெயிலில் தனியாக நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன். பசித்தது. சாப்பிட்டேன்.

14 ஜூன்
பெண்கள் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் வேலை, தங்க ஓர் அறை — லூஷியஸ் தருகிறேன் என்றான். சரி என்றேன்.

ஜெனோபியா சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். "அவங்க சோத்தையே திங்கப் போறியா?" அப்புறம் முகம் கொடுக்கவில்லை.

9 அக்டோபர்
சாலை வேலை நடக்கிறது. விடுதி ஜன்னல்கள் அதிர்கின்றன. பெண்கள் பழகிவிட்டார்கள். நானும்.

22 அக்டோபர்
விடுதி வாசலில் ஜெனோபியா. ஊரின் அந்தக் கோடியிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். பை நிறையச் சீப்பு.

"அங்க ஒருத்தியும் என்கிட்ட வர்றதில்ல. இங்க பொண்ணுங்களுக்கு முடி யார் பாக்கறா?"

"யாரும் இல்ல."

துணி துவைக்கும் அறையில் நாற்காலி போட்டேன். பெண்கள் அதற்குள் கூடிவிட்டார்கள்.

"மொதல்ல நீ உக்காரு. உன் தலை சகிக்கல."

அவள் விரல் உச்சந்தலையில் பட்டதும் அழுகை வந்துவிட்டது. அத்தனை பெண்களுக்கும் முன்னால். அடக்க முடியவில்லை.

அவள் கையை நிறுத்தவில்லை. "தலைய ஆட்டாதடி" என்றாள்.