திரும்பிப் போகிறவள்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று ஒருவருடைய வலது கண் லென்ஸை இடது பக்கம் வைத்து முடுக்கிவிட்டேன். பதினெட்டு வருஷமாக இந்தக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறேன், இப்படி ஒரு தப்பு நடந்ததில்லை. முதலாளி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை கிளம்புகிறீர்களா என்று மட்டும் கேட்டார். முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது போல.

பாஸ்போர்ட்டில் முத்திரைகளை எண்ணினேன். ஒரு வருஷத்துக்குள் நான்கு முறை உள்ளே, நான்கு முறை வெளியே. இது ஐந்தாவது. போன தடவையே இமிக்ரேஷன் அதிகாரி பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். அப்படி என்ன இருக்கிறது எங்கள் நாட்டில் என்று கேட்டார். சுற்றிப் பார்க்க வந்தேன் என்றேன். எதைச் சுற்றிப் பார்த்தேன்? என் மனசுக்குப் பிடித்த மனுஷன் அங்கே ஓட்டுகிற நகரப் பேருந்தில், அவருக்குப் பின்னால் இருக்கும் முதல் சீட்டில் உட்கார்ந்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போய்த் திரும்பியிருக்கிறேன். ஓட்டுநருடன் பேசக் கூடாது என்று தலைக்கு மேலே எழுதியிருக்கும். பேசவே மாட்டேன். பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டே போவேன். நாற்பத்து நான்கு வயதில் எனக்கு வாய்த்த உல்லாசப் பயணம் அது.

பிப்ரவரி 7, வெள்ளி

பெட்டி கட்ட ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. துணி, செருப்பு, சீப்பு எல்லாம் அங்கேயே இருக்கின்றன. அவருடைய அலமாரியில் பாதி என்னுடையது. ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டை விட்டுவிட்டு வருவேன். மறதியில்லை, வேண்டுமென்றேதான். என் சேலை அங்கே மடித்து இருக்கிறது என்று நினைத்தால் இங்கே கொஞ்சம் தூக்கம் வரும்.

தம்பி பெட்டியைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான். "என்னக்கா, பக்கத்துத் தெருவுக்குப் போற மாதிரி கிளம்பிட்டே?"

உள்ளே இருப்பது ஒரு துண்டு, மருந்து, ஜட்ஜம்மாவுக்கு நானே தேய்த்துப் போட்ட புதுக் கண்ணாடி. ஜட்ஜம்மா அவருடைய மகள். பதினாறு வயது. யார் என்ன சொன்னாலும் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வாள். அவள் அம்மா இறந்து ஐந்து வருஷமாகிறது. என்னை அத்தை, ஆன்ட்டி, அக்கா எதுவும் சொல்வதில்லை. "இங்க பாருங்க", "உங்களைத்தான்" - அவ்வளவுதான் என் பெயர்.

அவள் பள்ளிக்கூடம் முடிக்கட்டும், பிறகு கல்யாணத்தைப் பற்றிப் பேசலாம் என்று அவர் சொல்லி இரண்டு வருஷமாகிறது. நானும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை.

எல்லாக் கேள்விக்கும் கண்ணாடி முன்னால் நின்று பதில் ஒப்பித்து வைத்திருந்தேன். எங்கே வேலை, எத்தனை நாள், எங்கே தங்கல். அந்த அதிகாரி (ஒரு பெண், என் வயதுதான் இருக்கும்) ஒன்றையும் கேட்கவில்லை. பெட்டியைத் திறக்கச் சொன்னாள். மூன்று வாரம் தங்கப் போகிறவளின் பெட்டியில் ஒரு மாற்றுத் துணி இல்லை. "உங்கள் உடைகள் எங்கே?" என்றாள். அதை மட்டும் நான் ஒப்பித்து வைக்கவில்லை. வாங்கிக்கொள்வேன் என்று உளறினேன். அப்படியானால் செருப்புமா, உள்ளாடையுமா என்றாள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்னைத் தனி அறைக்குக் கூட்டிப் போனார்கள். நான்கு மணி நேரம்.

அவருக்குப் போன் போட்டார்கள். வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார். கடைசி நிறுத்தத்தில்தான் எடுத்தார். இந்தப் பெண்ணின் பொருள்கள் உங்கள் வீட்டில் இருக்கின்றனவா என்று கேட்டார்கள். மனுஷன் கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா? அரை அலமாரி இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

நீங்கள் வந்து போகிறவர் இல்லை, இங்கே குடியிருக்கிறவர் என்றாள் அவள். கடைசியில் பத்து நாள் கொடுத்தாள். அடுத்த முறை இப்படி வந்தால் திருப்பி அனுப்புவோம் என்று கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டாள்.

வெளியே சீருடையோடு நின்றிருந்தார். "எனக்குப் பொய் சொல்ல வரல, என்னம்மா பண்றது" என்றார். கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

பிப்ரவரி 17, திங்கள்

அலமாரியைக் காலி செய்தேன். வந்து போகிறவளாகத் தெரிய வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கொண்டு வந்து கொண்டு போக வேண்டும். பல் துலக்கும் பிரஷ்கூட மிச்சம் வைக்கவில்லை. அவர் ஒரு பெரிய பெட்டி வாங்கி வந்தார். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார், நான் அடுக்கினேன். வீட்டைவிட்டு என்னை நானே துரத்துகிற மாதிரி இருந்தது.

ஜட்ஜம்மா புதுக் கண்ணாடியோடு வாசலில் வந்து நின்றாள்.

"எல்லாத்தையுமா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப இனிமே வர மாட்டீங்களா?"

"திரும்பி வரணும்னுதான் எடுத்துட்டுப் போறேன்."

தலையைச் சாய்த்து யோசித்தாள். "லூசுத்தனமா இருக்கு" என்று தீர்ப்பளித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 2, ஞாயிறு

அங்கிருந்து வந்த துணிகளில் அந்த வீட்டுச் சோப்பு வாசனை. துவைக்கவில்லை. தம்பி மனைவி துவைக்கப் போடட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 14, வெள்ளி

விண்ணப்பங்கள் எழுதிக் கொடுக்கும் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். ஆறு மாதம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள் என்றார். பிறகு போகும்போது வேலைக் கடிதம், திரும்பும் டிக்கெட், தம்பி வீட்டு முகவரி எல்லாம் வைத்துக்கொள்ள வேண்டுமாம். "முக்கியமா, அவர்மேல உங்களுக்கு ரொம்பப் பிரியம்னு காட்டிக்காதீங்க. பிரியம் இருந்தா தங்கிடுவீங்கன்னு நினைப்பாங்க."

சரியாகத்தான் நினைக்கிறார்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அவருக்குக் காய்ச்சல். இங்கேயிருந்து என்ன செய்வேன்? மாத்திரை போட்டீங்களா, போட்டீங்களா என்று போனில் கத்துவதைத் தவிர?

ஏப்ரல் 9, புதன்

காய்ச்சல் இறங்கிவிட்டதாம். ஜட்ஜம்மா கஞ்சி வைத்தாளாம். அடிப்பிடித்துவிட்டதாம். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

மே 18, ஞாயிறு

இன்று அவருக்கு விடுமுறை. என்ன செய்தார் தெரியுமா? தன்னுடைய பேருந்திலேயே பயணியாக ஏறி, நான் உட்காரும் சீட்டில் உட்கார்ந்து எனக்குப் போன் போட்டார். பேசவில்லை. சட்டைப் பையில் அப்படியே வைத்துக்கொண்டார். நான் படுத்துக்கொண்டு கேட்டேன். மருத்துவமனை நிறுத்தம், நூலகம், மீன் சந்தை. சந்தைக்கு அப்புறம் வண்டி இடப்பக்கம் சாய்ந்து திரும்பும், நானும் இங்கே கட்டிலில் கொஞ்சம் சாய்ந்தேன். கதவு திறக்கும் சத்தம், யாரோ இருமுகிற சத்தம். கடைசி நிறுத்தத்தில் போனை எடுத்து, "இறங்கணும்மா" என்றார்.

ஐம்பது நிமிஷம். இந்த மூன்று மாதத்தில் நான் சந்தோஷமாக இருந்த ஐம்பது நிமிஷம்.

ஜூலை 11, வெள்ளி

சண்டை. நான்தான் ஆரம்பித்தேன். இன்னும் எத்தனை நாள் என்று கேட்டேன். அவள் பன்னிரண்டாவது முடிக்கட்டும் என்றார். அப்புறம் கல்லூரி முடிக்கட்டும்பீங்க, அப்புறம் அவ கல்யாணம் ஆகட்டும்பீங்க, என் வயசு மட்டும் யாருக்காக நிக்கும்? அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? கேக்கவே இல்ல. கேக்க பயம். அவ வேண்டாம்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயம். எனக்கும் அதே பயம்தான் - அதை மட்டும் நான் சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

மூன்று நாளாகப் பேச்சில்லை. கடையில் ஒரே ஓட்டமாக நாற்பது லென்ஸ் தேய்த்தேன். முதலாளிக்கு ஒரே சந்தோஷம்.

ஜூலை 15, செவ்வாய்

அவரே கூப்பிட்டார். டிக்கெட் போடச் சொன்னார்.

ஆகஸ்ட் 23, சனி

உள்ளே விட்டுவிட்டார்கள். அதை முதலில் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் மனசு வேறெங்கோ இருக்கிறது.

பெட்டி முழுக்கத் துணி. வேலைக் கடிதம், டிக்கெட் எல்லாம் அடுக்காக நீட்டினேன். இந்த முறை ஒரு பெரியவர், ஓய்வு பெறப் போகிற வயது. கம்ப்யூட்டரைப் பார்த்ததும் முகம் மாறியது. தங்கப் போகும் வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். என் மனுஷன் அந்த நேரம் பேருந்தில் இருப்பார் என்று தெரியும். எடுத்தது ஜட்ஜம்மா.

இந்தப் பெண்ணைத் தெரியுமா என்று பெரியவர் கேட்டார். தெரியும் என்றாள். யார் என்றார். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"விருந்தாளி."

அங்கேயே தங்கிவிடுவார்களா?

"இல்ல. எப்பவும் திரும்பிப் போயிடுவாங்க."

பெரியவருக்குத் திருப்தி. முத்திரையைக் குத்தினார். எந்தக் கடிதத்தையும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. தெளிவான பெண் என்று பாராட்டினார். நான் நன்றி சொன்னேன்.

பெட்டி வரும் இடத்தில் நின்று அழுதேன். உள்ளே விட்டதற்கு எவளாவது இப்படி அழுவாளா?

ஆகஸ்ட் 25, திங்கள்

அவர் வேலைக்குப் போன பிறகு அவள் சமையலறைக்கு வந்தாள்.

"நான் சரியாச் சொன்னேனா?"

ரொம்பச் சரி என்றேன். அப்பா சொல்லிக் கொடுத்தாரா என்று கேட்டேன்.

"யாரும் சொல்லித் தரலை. உள்ளதைத்தானே சொன்னேன்."

கோபமாகச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா? அவள் முகத்தில் எதையும் படிக்க முடியாது. என் கையால் தேய்த்த லென்ஸ் வழியாக என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் அவரிடம் சொல்லிவிட்டேன். இனி விருந்தாளியாக வர மாட்டேன். பதிவுத் திருமணம் செய்து, சேர்ந்து வாழ விண்ணப்பம் போடுவோம். இல்லையென்றால் இதுதான் நான் கடைசியாக வருவது. குரல் உடையாமல் சொன்னேன், அதுவே பெரிது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மேஜையில் அவளை உட்காரவைத்துச் சொன்னார். என்னையும் இருக்கச் சொன்னார். அவள் தலையைச் சாய்க்கவில்லை, தீர்ப்பும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

அவள் இன்னும் எங்களோடு பேசவில்லை. அவர் இரண்டு நாளில் இளைத்துப்போன மாதிரி இருக்கிறார். வேண்டாம், விட்டுவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

போன வாரம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம். இன்று குடியேற்ற அலுவலகத்தில் விண்ணப்பம்.

வீட்டில் பதினாறு வயது நிரம்பியவர் யார் இருந்தாலும் அவர் கைப்பட ஒரு கடிதம் தர வேண்டும். 'இவர் எங்கள் வீட்டில் வசிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.' மாதிரி வாசகத்தை நேற்று அவள் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டார். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது ஒட்டிய உறையை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். பிரிக்க எங்கள் இருவருக்கும் தைரியமில்லை. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

ஜன்னலில் இருந்த பெண் பிரித்தாள். படித்துவிட்டு எங்களைப் பார்த்தாள். இதில் ஆட்சேபம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறதே என்றாள்.

அவர் முகம் வெளிறிவிட்டது. நான் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். ஒரே வரி, அழுத்தி எழுதிய எழுத்து.

'இவங்க ஒவ்வொரு தடவையும் திரும்பிப் போறதுல எனக்கு ஆட்சேபம் இருக்கு.'

கீழே கையெழுத்து, தேதி.

சரியான வாசகத்தில் வேறு எழுதி வாங்கி வருகிறீர்களா என்று அந்தப் பெண் கேட்டாள். எதற்கும் சரி சரி என்று சொல்கிற மனுஷன், "அப்படியே இருக்கட்டும்" என்றார். அவள் இன்னொரு முறை படித்துவிட்டு மற்ற காகிதங்களோடு சேர்த்துக் குத்திவைத்தாள்.

பதில் வர எட்டு மாதம் ஆகுமாம். அதுவரை நான் இந்த நாட்டில் இருக்கக் கூடாதாம். ஞாயிற்றுக்கிழமை விமானம்.

மணி நான்கு. இன்னும் அரை மணியில் அவள் பள்ளியிலிருந்து வந்துவிடுவாள். இதை அவளிடம் யார் சொல்வது என்று நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.