நீராவிக் குளியலைத் தின்ற மோட்டார் சைக்கிள்

ராய்லி,

வியாழக்கிழமைப் பட்டாணிச் சூப் அடுப்பில் இருக்கிறது. அடிப்பிடித்ததைக் கிளறாமல் மேலாக எடுத்துக்கொள்.

நேற்று அந்த மோட்டார் சைக்கிள் வீடியோ விளையாட்டின் முன் உட்கார்ந்து, "இந்த ஒரு தாவல்தான் அக்கா, முடிச்சிட்டு வரேன்" என்று சொல்லிச் சொல்லியே, இந்தக் கட்டடத்தின் பொது நீராவிக் குளியலறையில் வாரத்தில் ஒருநாள் நமக்குக் கிடைக்கும் நேரத்தைத் தவறவிட்டாய். நான் கடிந்ததற்கு, "உனக்குப் பொறாமை, முதல் மேட்டுலகூட உன்னால ஏற முடியாது" என்றாய். இன்று நீ நீந்தப் போனபின், அந்த விளையாட்டை அழிக்கத்தான் உட்கார்ந்தேன். அதில் வரும் வருங்கால நகரத்தின் கூரைகளிலிருந்து நாற்பத்தொரு முறை வண்டியோடு விழுந்தேன், சூப் தீய்ந்தது.

கடிந்ததைத் திரும்பப் பெறுகிறேன். மேல்மாடி வெய்யோவிடம் இன்றைய குளியல் நேரத்தை விட்டுத்தரக் கேட்கப் போகிறேன்.

ஹில்க்கா

பின்குறிப்பு: தொலைக்காட்சியை அணைக்காதே. வண்டி கடைசித் தாவலுக்கு முன் நிற்கிறது. எனக்குத் துணிவில்லை, நீதான் தாண்ட வேண்டும், நான் அருகில் இருக்கும்போது.