ஏழாம் பகுதியின் கழுத்துமடிப்பு

நவம்பர் 17, திங்கள்

நேற்று எங்கள் சாமுராய் அனிமே ‘கிழிந்த குடை’யின் ஏழாம் பகுதி ஒளிபரப்பானது. விடிவதற்குள் ஊரே ஒரு காட்சியை நிறுத்திவைத்துப் பகிர்ந்திருக்கிறது. பாலத்தில் நிற்கும் நாயகன் கென்னோஜோவின் கிமோனோவில் வலப்பக்கம் மேலே மடிந்திருக்கிறது. பிணத்துக்குத்தான் அப்படி உடுத்துவோம். “உயிரோட இருக்கும்போதே பாடையில ஏத்திட்டாங்க” என்று ஒருவன் எழுதியிருக்கிறான்.

அந்தக் காட்சியைத் திருத்தியது நான். நாயகன் மறுபக்கம் பார்க்கட்டும் என்றார் இயக்குநர். திரும்ப வரையச் சோம்பல். கண்ணாடியில் தெரிவதுபோல் படத்தையே புரட்டிப் போட்டேன். வாளை மட்டும் நினைவாக இடது இடுப்புக்கு மாற்றினேன். கழுத்தை மறந்தேன். கிமோனோ உடுத்தி வளர்ந்தவள்தானே நான்?

நவம்பர் 18

கூட்டத்தில் யார் செய்தது என்று இயக்குநர் நுக்கினா கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் — இல்லை, பொய். திறக்க நிறைய நேரம் இருந்தது. மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். படங்களைச் சரிபார்க்கும் மினெகிஷி சார் எழுந்து, அறுபது வயது முதுகை வளைத்துக் குனிந்தார். “என் கண்ணுல படாம போச்சு. மன்னிச்சிடுங்க.”

நவம்பர் 19

சோறு இறங்கவில்லை.

நவம்பர் 21

இரண்டாம் சீசனில் மினெகிஷி சார் வேண்டாம் என்று முடிவாம். மன்னிப்புக் கேட்கத்தான் அவர் மேசைக்குப் போனேன். டீ வேணுமா சார் என்று கேட்டுத் தொலைத்தேன்.

“தோகுரா, நீ புரட்டிப் போட்டது எனக்குத் தெரியும்” என்றார், தலை நிமிராமல். “நான் பாக்காம விட்டதும் நிஜந்தான். என் பாதிய நான் சொல்லிட்டேன்.”

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் தேவலை.

நவம்பர் 25

‘இந்தத் தொடரை ஏன் பார்க்க வேண்டும்’ என்று பத்திரிகைக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னார் நுக்கினா. “நீதானே இதுமேல பைத்தியமா இருக்கே.”

பைத்தியம்தான். எழுத உட்கார்ந்தால் நிற்கவில்லை. ஆறு பகுதி வரை கென்னோஜோ வாளையே உருவுவதில்லை. காகிதக் குடை ஒட்டிப் பிழைக்கிறான். மழையில் அந்தக் குடைத்தாள் படபடக்கும் சத்தத்துக்காகவே பார்க்கலாம். மூன்றாம் பகுதியில், அவன் உடைத்த ஜாடிக்காக வேலைக்காரியை அடிக்கக் கையை ஓங்குகிறார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, நான்தான் என்கிறான். அவ்வளவுதான். அதற்காகப் பாருங்கள் என்று எழுதினேன்.

எழுதியதும் கை நின்றுவிட்டது. இதை எழுத உனக்கு என்னடி யோக்கியதை? வெட்கங்கெட்டவளே.

நவம்பர் 26

கடைசிப் பத்தியை மாற்றினேன்: “ஏழாம் பகுதியில் கழுத்துமடிப்பு தவறு. செய்தவள் தோகுரா சயோ. கேட்டபோது பேசாமல் இருந்தவளும் நான்தான். அதையும் சேர்த்தே பாருங்கள்.”

நுக்கினா இரண்டு முறை படித்தார். இது அச்சில் வந்தால் இந்தத் தொடரில் உனக்கு இடம் இருக்காது என்றார். தெரியும் என்றேன். முகம் காந்தியது. ஆனால் ராத்திரி இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

இரண்டாம் சீசன் தொடங்கிவிட்டது. பெயர்ப் பட்டியலில், சரிபார்ப்பு: மினெகிஷி. என் பெயர் இல்லை. இப்போது நான் குழந்தைகள் தொடர் ஒன்றுக்குக் கரடி வரைகிறேன்.

பகுதி முடிந்ததும் மினெகிஷி சாரே ஃபோனில் கூப்பிட்டார்.

“கழுத்த பாத்தியா?”

“பாத்தேன் சார். சரியா இருக்கு.”

“கரடிக்குக் கிமோனோ கிடையாதே. பொழச்சே போ.”

சிரித்துவிட்டேன். ஃபோனை வைத்த பிறகு, ஏழாம் பகுதியின் பாலத்துக் காட்சியை நிறுத்திவைத்து இன்னொரு தடவை பார்த்தேன்.