புனலுக்குள் படிந்த கற்பூரம்

என் அருமை மெஹருக்கு,

உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. தினமும் ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவளுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

நீ போய் ஒரு மாதம் ஆகிறது. புது டீச்சர் வரும்வரை உன் எட்டாம் வகுப்பு அறிவியலை ஹெட்மிஸ்ட்ரஸ் என் தலையில் கட்டிவிட்டார். "தமிழ் டீச்சரா இருந்தா என்னம்மா? புஸ்தகத்தப் பாத்து நடத்துங்க" என்றார். உன் மகள் ஷாஹிதாவும் அந்த வகுப்பில்தானே இருக்கிறாள். வருகிறாள், சாப்பிடுகிறாள், யாரோடும் பேசுவதில்லை. நீ போன அன்றிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. எனக்கு அதுதான் பயம்.

"படுக்கையில விழாம போயிட்டாங்க, கொடுத்து வச்சவங்க" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. டீ வடிகட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டால் போகிறவளுக்குச் சௌகரியம்தான். இருக்கிறவர்களுக்கு? ஒரு வாரம் படுத்திருந்தால் நான் கஞ்சியாவது கொண்டுவந்திருப்பேனே?

வெள்ளிக்கிழமை நிலை மாற்றம் பாடம். கற்பூரத்தைச் சூடாக்கினால் திரவமாகாமல் நேரே ஆவியாகும் என்று புத்தகத்தில் இருந்தது. தேரடியில் கற்பூரம் வாங்கும்போது கடைக்காரர், "பௌர்ணமிக்குங்களா டீச்சர்?" என்றார். "இல்லப்பா, சயின்ஸுக்கு" என்றேன்.

பீங்கான் கிண்ணத்தில் கற்பூரத்தை வைத்தேன். கீழே இருக்கும் ஸ்பிரிட் விளக்கைத்தான் பற்றவைக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? தீக்குச்சியைக் கிழித்துக் கற்பூரத்திலேயே வைத்துவிட்டேன். குப்பென்று பற்றியது. வகுப்பு மொத்தமும் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது. என் கையும் தானாகக் கன்னத்துக்குப் போனது. சிரிக்காதே.

ஷாஹிதா எழுந்து வந்தாள். இன்னொரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடித் தீயை அணைத்தாள். "வாயால ஊதக் கூடாது டீச்சர். புள்ளைங்க மனசு கஷ்டப்படும்னு அம்மா சொல்வாங்க" என்றாள். ஒரு மாதம் கழித்து அவள் குரலைக் கேட்டேன், மெஹர்.

ஸ்பிரிட் விளக்கை அவளே ஏற்றினாள். திரியைக் குறைத்தாள். கற்பூரத்தின் மேல் கண்ணாடிப் புனலைக் கவிழ்த்தாள். கொஞ்ச நேரத்தில் புனலின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்தது. பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பிச் சொன்னாள்:

"ஆவி குளிர்ந்தா மறுபடியும் கற்பூரமா ஆயிடும். ஆனா போறப்போ நடுவுல உருகி தண்ணி மாதிரி ஆகாது. சொல்லாம கொள்ளாம அப்படியே..."

நின்ற இடத்திலேயே தேம்பித் தேம்பி அழுதாள். பெல் அடித்தும் ஒரு பெண்ணும் எழுந்து போகவில்லை. நான் அவளை என்மேல் சாய்த்துக்கொண்டேன். எனக்கும் அழுகை அப்போதுதான் வந்தது.

இனி அவள் எப்போது அழுதாலும் நிறுத்தச் சொல்ல மாட்டேன், பக்கத்தில் இருப்பேன். ஒரு வார்த்தை சொல்லாமல் போன உன்னைத் திட்ட வேண்டும் என்றாளானால், அவளோடு சேர்ந்து நானும் திட்டுவேன். இது சத்தியம்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
கமலா